மாதம் 25,000 யென்னில் ஒரு காதல்: 'கற்பே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"ஆண்–ஆண் காதல் தொடர்களின் இனிமை பெரிதும் தங்கியிருப்பது களவிலா, கற்பிலா?" இதுதான் தலைப்பு. பார்த்து, பதறி, சொல்லத் தவித்து, ஒருவழியாகச் சொல்லி முடிப்பது வரைக்கும் களவு. அதற்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் நடத்துகிற வாழ்க்கை கற்பு. இந்தப் பொருளில்தான் இன்று பேசுகிறோம். நான் கற்பின் பக்கம் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு ஜப்பானியத் தொடர்களைச் சாட்சிக்கு அழைத்தார். ஒன்று 'செர்ரி மாஹோ', 2020-இல் டிவி டோக்கியோ ஒளிபரப்பிய 12 எபிசோட் தொடர். முப்பது வயது வரை யாரோடும் உறவு இல்லாமல் இருந்த அதாச்சிக்கு, யாரைத் தொட்டாலும் அவர் மனதில் ஓடுவது கேட்கிறது. நெரிசலான லிஃப்டில், உடன் வேலை பார்க்கும் குரோசாவாவின் மேல் பட, அவன் மனது அதாச்சியையே நினைத்துக்கொண்டிருப்பது தெரியவருகிறது. அழகான காட்சி, மறுக்கவில்லை. இன்னொன்று 'ஒஸ்ஸான்ஸ் லவ்', 2018-இல் டிவி அசாஹியில் வந்த 7 எபிசோட்.

ஆனால் நடுவர் அவர்களே, எதிரணி தன் சாட்சிகளைப் பாதியிலேயே கூண்டிலிருந்து இறக்கிவிட்டது. செர்ரி மாஹோ தொடரின் கடைசிக் காட்சியில் மறுபடி லிஃப்ட், இருவரும் நெருங்கும்போது கதவு மூடிக்கொள்கிறது. அதோடு கதை முடிந்ததா? 2022 ஏப்ரலில் அதே இருவரை வைத்துத் திரைப்படம் வந்தது. அதில் வருவது என்ன? அதாச்சிக்கு நாகசாகிக்கு மாற்றல், பிரிந்து இருப்பது, இரண்டு வீட்டுப் பெற்றோரையும் போய்ப் பார்ப்பது. ஒஸ்ஸான்ஸ் லவ் 2024 ஜனவரியில் திரும்பி வந்தபோது அதன் காதலர்களான ஹாருதாவும் மாகியும் குடித்தனம் நடத்தும் கதையாகத்தான் வந்தது. எதிரணி கொண்டுவந்த இரண்டு சாட்சிகளும் நடந்து நடந்து எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் சாட்சி. 'கினோ நானி தபெத்தா?', தமிழில் சொன்னால் 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' ஃபுமி யோஷினாகா 2007 முதல் 'மார்னிங்' என்ற வார இதழில் வரைந்துவரும் மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. வயது வந்த ஆண்கள் வாங்கிப் படிக்கிற இதழ் அது. டிவி டோக்கியோ 2019 ஏப்ரலில் இதைத் தொடராக்கியது. வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டிய நேரம், 12 எபிசோட். 2020 புத்தாண்டுக்கு ஒரு சிறப்பு எபிசோட், 2021 நவம்பரில் திரைப்படம், 2023 அக்டோபரில் இரண்டாம் சீசன். திரைக்கதை நாவோகோ அதாச்சி. ஷிரோ ககேய் வக்கீல், வயது 43, நடித்தவர் ஹிதேதோஷி நிஷிஜிமா. கென்ஜி யபுகி முடிதிருத்தும் கலைஞர், வயது 41, நடித்தவர் செய்யோ உச்சினோ. முதல் எபிசோட் தொடங்கும்போதே இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். எதிரணி கொண்டாடுகிற அந்தக் களவு முழுவதும் கதை தொடங்கும் முன்பே முடிந்துபோயிற்று. அதை எடுத்துவிட்ட பிறகும் இத்தனை ஆண்டு ஓடுகிறதென்றால் இனிமை வேறெங்கோ இருக்கிறது.

எங்கே இருக்கிறது? அடுப்பங்கரையில். மாலை வேலை முடிந்ததும் ஷிரோ நேராகப் போவது சூப்பர் மார்க்கெட்டுக்கு. இருவருக்கும் சேர்த்து மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னுக்குள் அடங்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு. முப்பதால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 830 யென் சொச்சம், ஆளுக்கு 415 யென் அளவில். டோக்கியோவில் மதியம் வெளியே ஒருவேளை சாப்பிட்டாலே பெரும்பாலும் அந்தப் பணம் போதாது. இரண்டாம் சீசனில் விலைவாசி ஏறிவிட, தொகையை 30,000 ஆக உயர்த்த வேண்டியிருக்கிறது. அதை அவர் மனதுக்குள் போராடித்தான் ஏற்கிறார். எதிரணி நண்பர் சற்று முன் "இது கஞ்சத்தனம், காதலா?" என்று கேட்டார். கஞ்சன் தன் பணத்தை மிச்சம் பிடிப்பான். ஷிரோ மிச்சம் பிடிப்பது இருவருடைய முதுமைக்கு. குழந்தை கிடையாது, சட்டப்படி துணை என்ற பெயர் கிடையாது, வயதானால் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்ற பயம் அந்தக் கணக்கின் அடியில் ஓடுகிறது. அந்தப் பயத்தோடு ஒருவர் இன்னொருவருக்காகவும் சேர்த்துக் கணக்குப் போடுகிறாரே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

முதல் எபிசோடில் வரும் சாதத்தை எடுத்துக்கொள்வோம். சால்மன் மீன், கோபோ என்கிற வேர்க்கிழங்கு, மைத்தாகே காளான் மூன்றையும் சேர்த்து வேகவைத்த தகிகோமி சாதம். ஷிரோவின் மனக்குரல் ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே போகும். வீட்டில் செய்யும் வழக்கமான அளவைச் சொல்கிறேன். அரிசி 2 கோ. ஒரு கோ என்பது 180 மில்லி அளவுக் கோப்பை, எடையில் 150 கிராம். கழுவி அரை மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊற வேண்டும். ஊறும்போதே சோயா சாஸ் ஊற்றினால் உப்பு தண்ணீரை உள்ளே விடாது, பருக்கையின் நடு கடினமாகவே நிற்கும். ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி சாக்கே என்ற அரிசி மது ஊற்றி, அதன் பிறகுதான் குக்கரின் 2 என்ற கோடு வரை தண்ணீர். முதலிலேயே கோடு வரை தண்ணீர் ஊற்றிவிட்டு அதன்மேல் சாஸ் சேர்த்தால் சாதம் குழையும். கோபோவைப் பென்சில் சீவுவதுபோல் சீவி, கறுத்துப்போகாமல் இருக்க ஐந்து நிமிடம் தண்ணீரில் போட வேண்டும். கடைசியாக மீனையும் காய்களையும் அரிசியின் மேல் பரப்ப வேண்டும், கிளறக் கூடாது. கிளறினால் கொதிநீர் மேலும் கீழும் சுற்றிவர வழியில்லாமல் சில இடம் குழைந்து சில இடம் அரிசியாகவே நிற்கும். வெந்ததும் பத்து நிமிடம் மூடியபடி விட்டு, மீனின் முள்ளையும் தோலையும் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கலப்பது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? எதிரணித் தலைவர் "இது காதல் தொடரல்ல, சமையல் நிகழ்ச்சி" என்றாரே, அதற்காகத்தான். சமையல் நிகழ்ச்சியில் சாதம் வெந்தால் வேலை முடிந்தது. இந்தத் தொடரில் சாதம் வேகும் நேரத்தை முடிவு செய்வது கென்ஜி வீடு திரும்பும் நேரம். குக்கர் ஊறலோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அது முதலில். கீரையும் பொரித்த டோஃபுவும் சேர்ந்த கொதிகறி ஆறினாலும் கெடாது, இன்னும் சுவை ஊறும், அது அடுத்தது. வாணலி வறுவல் ஆறினால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், ஆகவே அது கடைசி. எல்லாப் பண்டமும் சூடாக ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டும் என்று ஒருவர் கடிகாரத்தைப் பின்னாலிருந்து எண்ணி அடுப்பைப் பற்றவைக்கிறார். 'உன்னை நேசிக்கிறேன்' என்ற வசனம் இதற்கு மேல் என்ன சேர்த்துவிடும்?

சாப்பிடுகிற காட்சிக்கு வருவோம். எத்தனையோ தொடர்களில் சாப்பாட்டு மேசை வெறும் அலங்காரம். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுவார்கள், சண்டை போடுவார்கள், ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து போவார்கள். காரணம் படப்பிடிப்பின் சிரமம். நடிகர் உண்மையிலேயே சாப்பிட்டால், மறு டேக்குக்கு அதே பண்டத்தை அதே அளவில் மறுபடி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு ஷாட்டில் பாதிக் கிண்ணம், அடுத்த ஷாட்டில் நிறைகிண்ணம் என்று ஒட்டாமல் போகும். ஆவி பறப்பது ஓரிரு நிமிடம்தான், விளக்கைச் சரிசெய்வதற்குள் ஆறிவிடும். வாயில் உணவோடு வசனம் தெளிவாக வராது. இத்தனையும் தெரிந்தே இந்தத் தொடர் சாப்பிடும் காட்சியை முழுமையாகக் காட்டுகிறது. கென்ஜி எடுத்து வைத்து, மென்று, விழுங்கி, முகம் மலர்ந்து, இதில் இன்னது இப்படியிருக்கிறது என்று பண்டம் பண்டமாகச் சொல்வார். உச்சினோவின் நடிப்பில் அந்த முகத்தைப் பாருங்கள். பிறகு கேமரா ஷிரோவிடம் போகும். பெரிதாகச் சிரிக்கமாட்டார், உதட்டோரம் சற்றே தளரும், அவ்வளவுதான்.

குறுந்தொகை 167-ஆம் பாட்டு அவையோர் அறியாததல்ல. கூடலூர் கிழார் பாடியது. தயிர் பிசைந்த விரலைத் துடைத்த உடையோடு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற அவள் சமைத்த புளிக்குழம்பை, இனிது என்று கணவன் உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது என்கிறது. கற்பைப் பாடவந்த புலவர் தேர்ந்தெடுத்த காட்சி அதுதான். டோக்கியோ அடுக்குமாடி வீட்டில் 43 வயது வக்கீலின் முகத்தில் நான் அதே மகிழ்ச்சியைப் பார்க்கிறேன். இதில் ஆண், பெண் என்று எதை மாற்ற வேண்டியிருக்கிறது?

"எல்லாம் இனிமையாகவே இருந்தால் சண்டை எங்கே, உணர்ச்சி எங்கே?" என்றும் எதிரணி கேட்டது. முதல் எபிசோடிலேயே இருக்கிறது. ஷிரோ தன் அலுவலகத்தில் தான் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்று சொல்லவில்லை. கென்ஜி சலூனில் தன் துணை ஒரு வக்கீல் என்று வாடிக்கையாளரிடம் பேசிவிட்டது தெரிந்ததும் ஷிரோ கொதிக்கிறார். கென்ஜி திருப்பிக் கேட்கிறார்: மற்றவர்கள் மனைவி, பிள்ளைகளைப் பற்றிச் சாதாரணமாகப் பேசும்போது நான் மட்டும் என்னோடு வாழ்பவரைப் பற்றி ஏன் பேசக் கூடாது? நடுவர் அவர்களே, இந்தக் கேள்வியைக் களவில் கேட்க முடியாது. களவில் மறைப்பது சுவை, மறைக்க மறைக்கக் கதை ஓடும். கூடி வாழ்கிறபோது அதே மறைப்பு தினம் ஒரு துண்டாக ஒருவரைக் குறைக்கிறது. இரண்டு ஆண்கள் ஒரு கஃபேயில் எதிரெதிரே உட்கார்ந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சுகிறவர் ஷிரோ. அப்படிப்பட்டவர் 12-ஆம் எபிசோடில் கென்ஜியோடு கஃபேயில் உட்காருகிறார். நான் பார்த்த எந்தக் காதல் சொல்லும் காட்சியையும்விட அது எனக்குப் பெரிது, ஏனென்றால் அதற்கு முந்தைய பதினோரு எபிசோடும் அந்த நாற்காலியின் விலையைச் சொல்லியிருக்கின்றன.

சட்டத்துக்கு வருகிறேன். எதிரணியில் மூன்றாவதாகப் பேசியவர், "கல்யாணமே இல்லாதபோது கற்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்தத் தொடர் ஒளிபரப்பான ஆண்டுகளில் ஜப்பானியச் சட்டம் தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை. டோக்கியோவின் ஷிபுயா, செத்தகாயா வட்டங்கள் 2015 நவம்பரில் இணையர் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கின, டோக்கியோ பெருநகர அரசு 2022 நவம்பரில் தொடங்கியது. அந்தச் சான்றிதழால் வாரிசுரிமை வராது. அப்படியானால் இப்படி வாழ்பவர்கள் என்ன செய்கிறார்கள்? தொடரிலேயே ஒரு வழி வருகிறது. தெத்சு, யோஷி என்ற இன்னொரு ஆண் இணை வக்கீலான ஷிரோவிடம் ஆலோசனை கேட்கிறார்கள். தன் சொத்து ஊரிலுள்ள பெற்றோருக்குப் போகாமல் துணைக்கே போக வேண்டும் என்கிறார் தெத்சு. வழி, வயது வந்தவரைத் தத்தெடுப்பது.

உயில் எழுதினால் போதாதா? போதாது. பிள்ளையில்லாதவர் இறந்து பெற்றோர் மட்டும் வாரிசாக இருந்தால், உயில் என்ன சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பை அவர்கள் கேட்டு வாங்கலாம். தத்தெடுத்துவிட்டால் துணை சட்டப்படி பிள்ளையாகிவிடுவார், பிள்ளை இருக்கும்போது பெற்றோர் வாரிசு வரிசையிலேயே வரமாட்டார்கள். நடைமுறை எளிது. நகராட்சி அலுவலகத்தில் ஒரு படிவம், வயது வந்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. ஒரு நாளாவது மூத்தவர்தான் தத்தெடுக்க முடியும், இளையவர் மூத்தவரின் குடும்பப் பெயருக்கு மாற வேண்டும். ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. ஒருமுறை தத்துப் பெற்றோர்–பிள்ளையாகிவிட்டவர்கள், தத்தை ரத்து செய்த பிறகும் தங்களுக்குள் மணக்க முடியாது என்கிறது ஜப்பானியக் குடிமைச் சட்டத்தின் 736-ஆம் பிரிவு. நாளைக்குத் தன்பாலினத் திருமணச் சட்டம் வந்து, அதில் தனி விலக்கு எழுதப்படவில்லையென்றால், இன்று பாதுகாப்புக்காகத் தத்தெடுத்தவர்களுக்குக் கதவு மூடிவிடும். காதலனை மகன் என்று பதிந்துகொண்டால்தான் அவனுக்கு வீடு மிஞ்சும் என்ற நிலை இது. நண்பரே, கல்யாணம் இல்லாததால்தான் இவர்களுடைய கற்பு மாதக் கணக்கிலும் சாத்தியமான படிவங்களிலும் தினம் தினம் கையால் கட்டப்படுகிறது. சட்டப்படி கல்யாணம் கிடைத்தவர்களுக்கு அது ஒருநாள் வேலை.

இதை எந்தக் கசப்பும் இல்லாமல், மேடைப் பேச்சும் இல்லாமல் ஒரு தொடர் எப்படிக் காட்டுகிறது என்பதற்கு மூன்று புத்தாண்டுகளைச் சொல்கிறேன். ஜப்பானில் புத்தாண்டு என்றால் குடும்பம் கூடுகிற நாள். ஷிரோவின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மகன் தன்பால் ஈர்ப்புள்ளவனாக இருந்தாலும் குற்றவாளியாகவே இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயார் என்று முதல் எபிசோடில் சொல்கிறவர் அவர். அன்போடுதான் சொல்கிறார், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. அந்த வீட்டுக்கு முதல் புத்தாண்டில் ஷிரோ மட்டும் போகிறார். கென்ஜி தனியாக வீட்டில் சப்போரோ இச்சிபான் மிசோ ராமென் என்ற பாக்கெட் நூடுல்ஸ் செய்துகொள்கிறார். 500 மில்லி தண்ணீர், மூன்று நிமிடம், பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி. ஆனால் அப்படியே விடவில்லை, காய்கறி, முட்டை எல்லாம் சேர்த்து, ஷிரோ சமையலைப் பார்த்துப் பழகிய கையோடு செய்கிறார்.

இரண்டாவது புத்தாண்டு 11-ஆம் எபிசோடில். இந்த முறை கென்ஜியையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். போய்விட்டுத் திரும்பி நடக்கும்போது கென்ஜி கண் கலங்கி, இப்படியொரு நாள் வருமென்று நினைக்கவே இல்லை, இப்போதே செத்தாலும் பரவாயில்லை என்கிறார். எதிரணித் தொடராக இருந்தால் இங்கே இசை பொங்கும், கட்டியணைப்பார்கள். ஷிரோ என்ன சொல்கிறார்? சாகிற பேச்சு பேசாதே, எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்துக்கொள்வோம், உப்பைக் குறைப்போம், அரை வயிறு முக்கால் வயிறாகச் சாப்பிட்டு நெடுநாள் வாழ வேண்டும் என்கிறார். பதினோரு எபிசோட் குறைந்த எண்ணெயில் அவர் சமைத்ததெல்லாம் எதற்கென்று அந்த ஒரு பதிலில் விளங்கிவிடுகிறது.

மூன்றாவது, 2021 திரைப்படத்தில். ஷிரோ கென்ஜியைக் கியோத்தோவுக்கு அழைத்துப் போகிறார். கென்ஜிக்கு ஆனந்தம் தாங்கவில்லை, கூடவே சந்தேகமும். காரணம் பிறகு தெரிகிறது. கென்ஜி வந்து போன பிறகு அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறது, இனிமேல் அழைத்து வர வேண்டாம் என்கிறார்கள் பெற்றோர். வெறுப்பு இல்லை, அவர்களால் அவ்வளவுதான் முடிந்தது. இங்கே பெற்றோரைத் திருத்தி, அழவைத்து, காலில் விழவைக்கும் காட்சி எழுதுவது சுலபம், அது பொய்யாக இருக்கும். இந்தத் தொடரை எழுதியவர்கள் அதைச் செய்யவில்லை. தானும் தன் குடும்பத்தைக் கவனிக்க வேண்டும், புத்தாண்டைக் கென்ஜியோடு கழிக்கிறேன் என்ற முடிவுக்கு ஷிரோ வருகிறார். அம்மா, அப்பாவோடு உறவை முறிக்கவும் இல்லை. முதல் எபிசோடில் சலூனில் தன்னைப் பற்றிப் பேசியதற்கே கொதித்த மனிதர், கென்ஜியைத் தன் குடும்பம் என்று பெற்ற தாயிடம் சொல்கிறார்.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பர் இந்த மூன்று புத்தாண்டுகளில் ஒன்றையாவது களவுக்குள் கொண்டுவந்து காட்டட்டும், அதன் பிறகு நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதட்டும். நன்றி, வணக்கம்.